சென்னையில் சின்ன சுஷி உணவகத்துக்குப் போகிறவர்களுக்கு: புக்கிங் முதல் பில் வரை

ஜப்பானிய கம்பெனி ஒன்றில் வேலை பார்ப்பதால், விருந்தினர்களையும் புதிதாகச் சேர்ந்தவர்களையும் சுஷி சாப்பிட அழைத்துப் போகும் பொறுப்பு அடிக்கடி என் தலையில் விழும். பத்துப் பன்னிரண்டு பேர் மட்டும் உட்காரக்கூடிய, விளக்கு வெளிச்சத்தைக்கூட அளந்து வைத்திருக்கும் சின்ன இடங்கள். எதிரிலேயே செஃப் நின்று ஒவ்வொரு துண்டாகப் பிடித்து நீட்டுவார். புதியவர்கள் எல்லோரும் சாப்ஸ்டிக்கை நினைத்துத்தான் பயப்படுகிறார்கள். காசு வீணாவதோ வேறு இடத்தில். போனில் சொல்ல வேண்டியதைச் சொல்லாமல் விடுவார்கள், எல்லாவற்றையும் ஒரே மூச்சில் ஆர்டர் செய்வார்கள், வந்ததை ஆறவிட்டு அரட்டை அடிப்பார்கள்.

ஒரு விஷயத்தை முதலிலேயே தெரிந்துகொண்டால் மற்றதெல்லாம் சுலபம். வினிகர் கலந்த சுஷி சாதம் ஏறக்குறைய நம் உடல் சூட்டில் இருக்கும்போதுதான் மென்மையாக இருக்கும். மேலே வைக்கும் மீன் குளிர்ச்சியாக இருக்கும். இரண்டும் சேர்ந்து அந்த நிலையில் நிற்பது சில நிமிடம்தான். கடைக்காரர்கள் சொல்லும் பல விதிகளும் இதிலிருந்து வருவதுதான். பந்தாவுக்காகச் சொல்வது குறைவு.

1. கவுன்டரா, டேபிளா என்று முதலில் முடிவு செய்யுங்கள்

கவுன்டரில் உட்கார்ந்தால் செஃப் கையிலிருந்து நேராக உங்கள் தட்டுக்கு வரும். டேபிளில் உட்கார்ந்தால் சமையல் பக்கத்திலிருந்து சர்வர் எடுத்து வர வேண்டும். நான்கு பேருடையது தயாராகும் வரை முதல் ஆளுடையது காத்திருக்கும். இரண்டு பேர், அதிகபட்சம் மூன்று பேர் என்றால் கவுன்டர். அதற்கு மேல் போனால் டேபிள்தான் சரி. கவுன்டரில் ஐந்து பேர் வரிசையாக உட்கார்ந்தால் முதல் ஆளும் கடைசி ஆளும் ஒருவரோடொருவர் பேசவே முடியாது.

அடுத்தது சாப்பாட்டு முறை. ஒமகாசே என்றால் தேர்வை செஃப்பிடம் விட்டுவிடுவது: ஒரே விலை, அவர் தரும் வரிசை, அவர் தரும் வேகம். மெனுவைப் பார்த்து வேண்டியதை மட்டும் கேட்பது இன்னொரு முறை. முதல் தடவை போகிறவர்களுக்கு நான் மெனுவைத்தான் சொல்வேன். பச்சை மீன் வாய்க்குப் பிடிக்குமா என்றே தெரியாத நிலையில் பதினைந்து துண்டுக்கு முன்பணம் கட்டுவது வீண் ரிஸ்க். இரண்டாவது, மூன்றாவது தடவைக்கு ஒமகாசே நன்றாக இருக்கும்.

நட்சத்திர ஹோட்டலுக்குள் இருக்கும் உணவகமா, தனிக் கடையா என்பதையும் பாருங்கள். சாகே என்ற ஜப்பானிய அரிசி மது வேண்டுமென்றால் பெரும்பாலும் ஹோட்டல்தான். தமிழ்நாட்டில் மது பரிமாறும் உரிமம் பொதுவாக நட்சத்திர ஹோட்டல்களுக்கும் கிளப்களுக்கும்தான். தனி உணவகங்களில் கிரீன் டீ கிடைக்கும். வரியும் மாறும், அது பில் பகுதியில்.

2. கூட வருகிறவர்களில் யார் பச்சை மீன் சாப்பிடக் கூடாது என்று பாருங்கள்

தேதி குறிப்பதற்கு முன்னால் செய்ய வேண்டிய வேலை இது. கர்ப்பிணிகள், சின்னக் குழந்தைகள், வயதானவர்கள், கீமோ சிகிச்சையில் இருப்பவர்கள், உறுப்பு மாற்று செய்துகொண்டு எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கும் மாத்திரை சாப்பிடுபவர்கள்: இவர்களுக்குப் பச்சை மீன் வேண்டாம். வரவே வேண்டாம் என்று சொல்லவில்லை, வெந்த வகைகள் நிறைய இருக்கின்றன. ஆனால் உட்கார்ந்த பிறகு இதைப் பேச ஆரம்பித்தால் எல்லோருக்கும் சங்கடம்.

கேள்விப்படும் ஒரு வாதம்: “காசிமேட்டுல விடியக்காலையில பிடிச்ச மீன்னா இன்னும் நல்லதுதானே?” குழம்புக்கு ரொம்ப நல்லது. பச்சையாகச் சாப்பிட அது போதாது. கடல் மீனின் சதையில் அனிசாகிஸ் போன்ற புழுக்கள் இருக்கலாம். மீன் எவ்வளவு புதிது என்பதற்கும் அதற்கும் சம்பந்தமில்லை. அதைக் கொல்வது உறைய வைத்தல். அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் சொல்லும் அளவு மைனஸ் 20 டிகிரி செல்சியஸில் 7 நாள், அல்லது மைனஸ் 35 டிகிரியில் கட்டியாக உறையவைத்து அதே குளிரில் 15 மணி நேரம். அதனால் ‘எங்களுடையது உறைந்து வந்த மீன்’ என்று ஒரு கடை சொன்னால் முகம் சுளிக்காதீர்கள். நல்ல பதில் அது. உறைய வைப்பதால் பாக்டீரியா சாகாது என்பதையும் சேர்த்து நினைவில் வையுங்கள். மேலே சொன்னவர்களுக்கு உறைந்த மீனும் ஏன் வேண்டாம் என்பதற்குக் காரணம் அதுதான்.

‘சுஷி கிரேடு’ என்று பாக்கெட்டில் போட்டிருப்பது விற்பவர் சூட்டிய பெயர், சட்டம் வகுத்த தரம் கிடையாது. அதைவிட, மீன் எங்கிருந்து எப்படி வருகிறது என்று கேட்டால் கடை தயங்காமல் பதில் சொல்கிறதா என்பதையே நான் பார்ப்பேன்.

3. நாள் குறிப்பது

நம் ஊரில் இது தனி வேலைதான். புரட்டாசி முழுக்க அசைவம் தொடாதவர் ஒருவர், வெள்ளி செவ்வாய் பார்ப்பவர் ஒருவர், அமாவாசை, சஷ்டி, கார்த்திகையில் மாலை போட்டவர் என்று நாலு பேர் கூடினால் காலண்டரில் பாதி நாள் அடிபட்டுப் போகும். வாட்ஸ்அப்பில் “வர்ற சனிக்கிழமை ஓகேவா?” என்று கேட்டால் எல்லோரும் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டுவார்கள். சாப்பிட உட்கார்ந்ததும் ஒருவர், “இன்னிக்குச் சனிக்கிழமையாச்சே, நான் சைவம்தான்” என்பார். தேதியையும் கிழமையையும் போட்டு, “அன்னிக்கு அசைவம் சாப்பிடுவீங்களா?” என்று நேராகக் கேட்டுவிடுங்கள்.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை நம் கடற்கரையில் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடை. அந்த 61 நாளில் சுஷிக் கடைக்குப் போகலாமா என்று கேட்பவர்கள் உண்டு. தாராளமாகப் போகலாம். சால்மன், ஹமாச்சி (மஞ்சள்வால் மீன்) எல்லாம் நம் கடலில் கிடைப்பதே இல்லை, விமானத்தில் வருபவை. உள்ளூர் மீனை வைத்துச் செய்யும் கடையில் மட்டும் வகைகள் குறையலாம்.

4. போனில் புக் செய்யும்போது சொல்ல வேண்டியவை

ஆப்பில் புக் செய்தாலும் ஒரு தடவை போன் போடுங்கள். சின்னக் கடையில் அன்றைக்கு வரும் ஆட்களை எண்ணித்தான் மீனை இளக்கி வைப்பார்கள், சாதமும் அந்த அளவுக்குத்தான் வடிக்கப்படும். ‘ரெண்டு பேர் கூட வர்றாங்க சார்’ என்று வாசலில் நின்று சொல்வது அங்கே செல்லாது. வராமல் போனால் முன்பணம் திரும்பாது என்று சில இடங்களில் விதி இருக்கும். எத்தனை மணி நேரத்துக்கு முன் ரத்து செய்யலாம் என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

இந்த வரிசையில் சொல்லுங்கள்: எத்தனை பேர், கவுன்டரா டேபிளா, யாருக்கு என்ன ஒவ்வாது, யார் சைவம். ஒவ்வாமையில் ‘மீன் ஒத்துக்காது’ என்று பொத்தாம் பொதுவாகச் சொல்லாமல் இறாலா, நண்டா, எள்ளா, முட்டையா, கோதுமையா என்று பிரித்துச் சொல்லுங்கள். சோயா சாஸ் பெரும்பாலும் கோதுமை சேர்த்துத்தான் காய்ச்சப்படுகிறது. கோதுமை ஆகாதவர்கள் அது இல்லாத தமாரி இருக்கிறதா என்று கேட்க வேண்டும். மது சேர்ந்த எதுவும் கூடாது என்பவர்கள் மிரின் என்ற இனிப்புச் சமையல் மது, சாகே இரண்டையும் பற்றிக் கேளுங்கள். விலாங்கின் மேல் பூசும் இனிப்புச் சாஸில் இவை வழக்கமாக இருக்கும், சில கடைகளில் சாதத்துக்கான வினிகர் கலவையிலும் சேர்ப்பார்கள்.

கடைசியாக, ஆளுக்கு எவ்வளவு ஆகும் என்று கூச்சப்படாமல் கேளுங்கள், வரி சேர்த்தா சேர்க்காமலா என்பதையும். விலை தெரியாமல் உட்கார்ந்தவர்கள் ஒவ்வொரு துண்டுக்கும் மனதுக்குள் கணக்குப் போடுவதைப் பார்த்திருக்கிறேன். பாவம், அவர்களுக்கு மீனின் ருசியே தெரிவதில்லை.

5. கிளம்புவதற்கு முன்

மதியம் பிரியாணி அடித்துவிட்டுப் போகாதீர்கள். அதற்காகப் பட்டினியாகவும் போக வேண்டாம். வெள்ளை மீன்களின் ருசி மெல்லியது. மசாலா ஏறிய நாக்குக்கு அது தண்ணீர் மாதிரிதான் தெரியும். அரை மணி முன்னால் பில்டர் காபி குடிப்பதையும் தள்ளிப்போடலாம்.

சென்ட், அத்தர் அடித்துக்கொள்ள வேண்டாம். கவுன்டரில் உட்காரப் போகிறீர்கள் என்றால் மல்லிகைப் பூவுக்கும் அதே கதைதான். வீட்டில் இதைச் சொன்னால் என்ன கிடைக்கும் என்று எனக்குத் தெரியும். இருந்தாலும் எட்டு பேர் தோளோடு தோள் உரச, ஏசி அறையில் உட்கார்ந்திருக்கும்போது இரண்டு முழம் மல்லி வாசனை எல்லோருடைய தட்டிலும் ஏறி உட்கார்ந்துவிடும். டேபிள் என்றால் பிரச்சினை இல்லை.

நேரத்துக்குப் போய்விடுங்கள். ஒமகாசேயில் எல்லோருக்கும் ஒரே நேரத்தில் ஆரம்பிப்பார்கள், இருபது நிமிடம் தாமதித்தால் முதல் சில துண்டுகள் போய்விடும், அல்லது மற்றவர்கள் உங்களுக்காகக் காத்திருப்பார்கள். மெட்ரோ இரண்டாம் கட்ட வேலையில் நகரத்தில் பல சாலைகள் ஒருவழியாகவும் அரைவழியாகவும் கிடக்கின்றன. கூகுள் மேப் சொல்லும் நேரத்தோடு அரை மணி சேர்த்துக்கொள்ளுங்கள். வேலட் பார்க்கிங் இருக்கிறதா என்பதையும் அந்த போனிலேயே கேட்டுவிடலாம்.

6. உட்கார்ந்ததும்

சூடான ஈரத் துண்டு ஒன்று தருவார்கள். அது கைக்கு, முகம், கழுத்து துடைக்க அல்ல. துடைத்து மடித்து ஓரமாக வையுங்கள், நடுவில் விரல் துடைக்கவும் அதுதான்.

போன், சாவி, பர்ஸ் எதையும் கவுன்டர் மேல் வைக்காதீர்கள். நல்ல கடைகளில் அது பூச்சுப் பூசாத மென்மையான மரம்; சாவியும் உலோக வாட்ச்சும் கீறிவிடும். துண்டுகளை நேராக அந்த மரத்தின் மேலோ அதற்கு மேலிருக்கும் பலகையிலோ வைத்துத் தருகிற செஃப்புகளும் உண்டு.

குட்டிக் கிண்ணத்தில் சோயா சாஸை நீங்களே ஊற்றிக்கொள்ள வேண்டியிருக்கும். ஒரு ரூபாய் நாணயம் அளவுக்கு ஊற்றினால் போதும். தீர்ந்தால் மறுபடி ஊற்றலாம். சோயா சாஸில் உப்பு மட்டுமே ஏறக்குறைய 16 சதவீதம். பிரஷர் இருப்பவர்கள் கிண்ணத்தை நிரப்பி வைத்தால் கை தானாக அதில் போய்த் தோயும்.

சாப்ஸ்டிக் வராதா? விட்டுவிடுங்கள். சுஷியைக் கையால் சாப்பிடுவது ஜப்பானிலும் முறையானதுதான், நமக்குச் சொல்லித் தரவே வேண்டாம். சாதமில்லாமல் வரும் மீன் துண்டான சஷிமிக்கு மட்டும் சாப்ஸ்டிக் வேண்டும், வராவிட்டால் முள்கரண்டி கேளுங்கள். சாப்ஸ்டிக் பிடிப்பவர்கள் மூன்றைத் தவிர்த்தால் போதும்: இரண்டு குச்சிகளையும் ஒன்றோடொன்று உரசுவது (கடைக்காரரின் குச்சி மட்டம் என்று சொல்லாமல் சொல்வது), சாதத்தில் நட்டு நிறுத்துவது, ஒருவர் குச்சியிலிருந்து இன்னொருவர் குச்சிக்கு உணவைக் கைமாற்றுவது. பின்னிரண்டும் ஜப்பானில் சாவுச் சடங்கோடு சேர்ந்தவை. கூட வந்த ஜப்பானியர் ஒன்றும் சொல்ல மாட்டார், முகம் மாறும்.

7. மெனுவைப் படிப்பது

வடிவங்கள் நாலைந்துதான். விரல் நீளச் சாதத்தின் மேல் மீன் வைத்தது நிகிரி. கடற்பாசித் தாளில் சுருட்டி வெட்டியது மாகி. அந்தத் தாள் உள்ளேயும் சாதம் வெளியேயும் இருந்தால் உராமாகி. கூம்பு மாதிரி கையில் சுருட்டித் தருவது தெமாகி. சாதத்தைச் சுற்றிக் கடற்பாசித் தாளால் வேலி கட்டி மேலே மீன் முட்டை நிரப்பியது குன்கான்.

மீன்களை நம் பெயரில் தெரிந்துகொண்டால் பயம் பாதி போய்விடும். மகுரோ என்பது சூரை. அதன் வயிற்றுக் கொழுப்புப் பகுதி தோரோ. சாபா, நம் காணாங்கெளுத்திக்கு உறவு; உப்பிலும் வினிகரிலும் ஊறித்தான் வரும். உனாகி விலாங்கு. எபி இறால், இகா கணவாய். தாகோ என்பது எட்டுக்கை உள்ள பேய்க் கணவாய். தொபிகோ என்ற ஆரஞ்சு நிறக் குருணை, கோலா மீன் குடும்பத்தின் முட்டை. சால்மன் மட்டும் கவனம்: நம் மார்க்கெட்டில் காலா மீனை ‘இந்தியன் சால்மன்’ என்று விற்பார்கள். அது வேறு இனம், சுஷித் தட்டில் வரும் சால்மனுக்கும் அதற்கும் ஒட்டும் இல்லை உறவும் இல்லை.

பச்சையைக் கண்டு தயங்குகிறவர்கள் வெந்த வகையில் தொடங்கலாம். விலாங்கு எப்போதும் சுட்டுத்தான் வரும், ஏனென்றால் அதன் பச்சை இரத்தத்தில் நச்சு உண்டு. எபி, தாகோ இரண்டும் வழக்கமாக வேகவைத்தவை. அமாயெபி என்று போட்டிருந்தால் அது பச்சை இறால், பெயர் பாதி ஒன்றாக இருப்பதால் நிறையப் பேர் இங்கே ஏமாறுகிறார்கள். தாமகோ இனிப்பான முட்டை அடை.

8. ஆர்டர் செய்யும் வரிசை

புதியவர்கள் அதிகம் சறுக்குவது இந்த இடத்தில்தான். நம் பழக்கம் மெனுவை மூடும்போது “எல்லாத்தையும் ஒண்ணா கொண்டு வந்துருங்க தம்பி” என்பது. அந்தத் தம்பியும் அப்படியே கொண்டு வருவார். மேசையில் ஆறு தட்டு. முதல் தட்டைச் சாப்பிட்டு ஆறாவதுக்கு வருவதற்குள் அதிலிருக்கும் சாதம் இறுகி, மீன் அறைச் சூட்டுக்கு வந்து, கடற்பாசித் தாள் ரப்பராகி இருக்கும். கடை மோசம் என்று ரிவ்யூ எழுதுவார்கள்.

இரண்டிரண்டாகக் கேளுங்கள். “முதல்ல இது ரெண்டு, முடிச்சதும் சொல்றோம்” என்றால் போதும். டேபிளில் உட்கார்ந்திருந்தால் இது இன்னும் முக்கியம்.

எதிலிருந்து எதற்குப் போவது என்றால், மெல்லிய ருசியிலிருந்து கனமானதற்கு. வெள்ளை மீன், கணவாய் முதலில். அப்புறம் சூரை, சால்மன். அதன்பின் சாபா போன்ற வாசம் தூக்கலானவை, கொழுப்பு மிகுந்த தோரோ. விலாங்கு அதற்கும் பின்னால், காரணம் அதன் இனிப்புச் சாஸ். முடிவில் ஒரு மாகி, தாமகோ, மிசோ சூப். வரிசையை மாற்றினால் யாரும் அடிக்க மாட்டார்கள். ஆனால் விலாங்கைத் தின்ற வாயில் வெள்ளை மீனைப் போட்டால் அதற்குக் கொடுத்த பணம் போயிற்று. மேலே மயோனைஸ், ஸ்பைசி சாஸ், பொரித்த தூள் எல்லாம் கொட்டிய ரோல்களுக்கும் இதே நியாயம். எனக்கு அவை பிடிக்காது என்று சொல்ல மாட்டேன்; ஆனால் அதில் தொடங்கினால் பிறகு எந்த மீனும் மீனாகத் தெரியாது.

அளவைப் பொறுத்தவரை, ஓரளவு பசி உள்ள ஒருவருக்குப் பத்துப் பன்னிரண்டு நிகிரியும் ஒரு சூப்பும் போதும். ஒவ்வொன்றிலும் சாதம் 15, 20 கிராம்தான் என்றாலும் வயிறு சீக்கிரம் நிறைந்துவிடும். குறைவாகக் கேட்டுப் பிறகு கூட்டிக்கொள்ளுங்கள், மிச்சம் வைத்தால் என்ன ஆகும் என்பது கடைசியில் வருகிறது.

9. ஒரு துண்டை எடுத்து வாயில் போடுவது

நிகிரியைக் கட்டைவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல் மூன்றாலும் பக்கவாட்டில் பிடியுங்கள். அழுத்த வேண்டாம். சாதத்தை உள்ளே காற்று இருக்கும்படி தளர்வாகத்தான் பிடித்திருப்பார்கள், வாயில் போட்டதும் உதிர வேண்டும் என்பதற்காக. அப்படியே மெல்லப் பக்கவாட்டில் சாய்த்து, மீனின் ஓரம் மட்டும் சோயாவில் படும்படி தொட்டு எடுங்கள். மீன் நாக்கில் படும்படி வாயில் போடுங்கள். ஒரே வாய்.

இட்லியைச் சாம்பாரில் முக்குவதுபோல சாதப் பக்கத்தை முக்கினால் என்ன ஆகும்? என் கூட வந்த ஒரு நண்பரின் தட்டில் பார்த்தேன். இரண்டு வினாடியில் கீழ்ச் சாதம் கறுத்தது, தூக்கும்போது பாதி கிண்ணத்தில் நின்றுவிட்டது, மீதி வாய்க்குப் போகும் வழியில் மடியில் விழுந்தது. கையில் மீன் மட்டும். கிண்ணத்தில் மிதந்த பருக்கைகளை அவர் சாப்ஸ்டிக்கால் துரத்திக்கொண்டிருக்க, செஃப் பேசாமல் வேறு கிண்ணம் ஒன்றை நகர்த்தி வைத்தார். சாதத்தில் ஏற்கெனவே உப்பு, புளிப்பு, இனிப்பு மூன்றும் உண்டு. சோயா மீனுக்குத்தான் வேண்டும்.

சில துண்டுகளில் செஃப்பே மேலே சாஸ் தடவியிருப்பார், உப்போ எலுமிச்சையோ போட்டிருப்பார். மீன் பளபளவென்று ஈரமாக இருந்தால் அதைச் சோயாவில் தொடாதீர்கள். சந்தேகமாக இருந்தால் “சாஸ் வேணுமா?” என்று கேளுங்கள்.

பாதி கடித்து மீதியைத் தட்டில் வைப்பதும் வேண்டாம். மாகியில் இதைச் செய்தால் கடற்பாசித் தாள் கிழியாமல் இழுபட்டு, உள்ளே இருப்பதெல்லாம் வெளியே வரும். துண்டு பெரிதாகத் தெரிந்தால் சாதம் கொஞ்சம் குறைத்துத் தரச் சொல்லலாம். பெண்கள், வயதானவர்கள் பலரும் கேட்பதுதான், செஃப் தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டார். தெமாகிக்கு மட்டும் விதிவிலக்கு, அதைக் கையில் பிடித்துக் கடித்துத்தான் சாப்பிட முடியும். ஆனால் கொடுத்த கையோடு சாப்பிடுங்கள். சென்னை ஈரக்காற்றில் அந்தத் தாளின் மொறுமொறுப்பு ஒரு நிமிடம் தாங்கினால் பெரிய விஷயம்.

போட்டோ எடுக்கலாம், ஒன்று. கோணம் பார்த்து, லைட் பார்த்து, பக்கத்து ஆள் கையை நகர்த்தச் சொல்லி எடுக்கும் போட்டோவுக்கு விலை அந்தத் துண்டுதான். செஃப்பை எடுக்கும் முன் அவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள், பிளாஷ் கண்டிப்பாக வேண்டாம். எதிரில் இருப்பவர் கையில் கத்தி இருக்கிறது.

10. வசாபியும் இஞ்சியும்

சுஷியோடு வரும் பச்சை நிற விழுதுதான் வசாபி. அதன் காரம் மிளகாய்க் காரம் கிடையாது. கடுகில் இருக்கும் அதே ஆவியாகும் பொருள்தான் இதிலும். அதனால் நாக்கை விட்டுவிட்டு நேராக மூக்குக்கு ஏறும், சில வினாடியில் இறங்கியும் விடும். ‘நாங்க ஆந்திரா ஊறுகாயே சாப்பிடுவோம்’ என்று கோலிக்குண்டு அளவு எடுத்து வாயில் போட்டவர்களைப் பார்த்திருக்கிறேன். தண்ணீர் உதவாது. மெதுவாக மூச்சு விட்டுக் காத்திருப்பதுதான் வழி.

நிகிரியில் மீனுக்கும் சாதத்துக்கும் நடுவே செஃப்பே வசாபி வைத்திருப்பார். அதனால் முதல் துண்டைத் தனியாகச் சாப்பிட்டுப் பார்த்துவிட்டு அப்புறம் கூட்டிக்கொள்ளுங்கள். வேண்டாம் என்றால் முன்பே சொல்லிவிடுங்கள், குழந்தைகளுக்கு அப்படித்தான் செய்வார்கள். சோயாவில் கரைத்துச் சேறாக்குவதைவிட, சஷிமியின் மேல் ஒரு துளி வைத்துச் சாப்பிடுவது நல்லது, வாசனை நிற்கும். பெரும்பாலான கடைகளில் தருவது குதிரைமுள்ளங்கிப் பொடியில் பச்சை நிறம் சேர்த்தது. நிஜ வசாபிக் கிழங்கைக் கண்ணெதிரே துருவித் தந்தால் உடனே சாப்பிடுங்கள், பதினைந்து நிமிடத்தில் மணம் பெருமளவு போய்விடும்.

இளஞ்சிவப்பு இஞ்சி ஒரு மீனுக்கும் அடுத்த மீனுக்கும் நடுவில் வாயைச் சுத்தப்படுத்த. சுஷியின் மேல் வைத்துச் சாப்பிட்டால் இஞ்சிதான் தெரியும். ஒரு இதழ் போதும்.

11. சைவர்கள் கவனிக்க வேண்டியது

வெள்ளரிக்காய் வைத்த கப்பா மாகி, அவகாடோ, ஊறிய முள்ளங்கி, ஷிட்டாகே காளான், இனிப்பு டோஃபு பையில் சாதம் அடைத்த இனாரி என்று சைவ வகைகள் உண்டு. வெளியே தெரியாமல் மீன் நுழைவது தாஷி என்ற சாற்றின் வழியாக. மிசோ சூப், மாவில் முக்கிப் பொரித்த டெம்புராவுக்குத் தொட்டுக்கொள்ளும் சாறு, இனாரிப் பையை வேகவைத்த நீர், தாமகோ: எல்லாவற்றிலும் அது இருக்கலாம். தாஷியில் போடும் கட்ஸுவோபுஷி என்ற காய்ந்த மீன் சீவல் எந்தச் சூரையிலிருந்து வருகிறதோ அதே இனத்தில்தான் நம் தென் மாவட்டத்து மாசிக் கருவாடும் செய்கிறார்கள். மாசி போட்ட சம்பலைச் சைவம் என்று யாரும் சொல்ல மாட்டார்களே.

‘சூப்பில் மீன் இருக்கிறதா?’ என்று கேட்டால் சர்வர் உள்ளே எட்டிப் பார்த்து, மீன் துண்டு எதுவும் இல்லை என்பார். ‘தாஷி எதில் போட்டீர்கள்? ‘கொம்பு’ என்ற கடற்பாசியும் காளானும் மட்டுமா?’ என்று கேளுங்கள். நண்டுக் குச்சி என்று வருவதும் மீன்தான், அரைத்து நிறமேற்றியது. டெம்புரா மாவில் முட்டை இருக்கலாம், அதே எண்ணெயில் இறாலும் பொரிந்திருக்கலாம்.

கத்தி, பலகை தனியாக வேண்டும் என்பது உங்களுக்கு முக்கியமென்றால் அதைப் புக்கிங் போனிலேயே சொல்லுங்கள். எட்டு பேர் உட்காரும் கவுன்டரில் ஒரே பலகைதான் இருக்கும்; நேரில் கேட்டால் செஃப் சரி என்று சொல்வார், ஆனால் கழுவித் துடைத்துத்தான் தர முடியும். அது போதாது என்று நினைப்பவர்கள் டேபிளில் உட்கார்ந்து உள்ளே சமையலறையில் செய்யச் சொல்வது நல்லது. கண்டிப்பான சைவர் என்றால், உண்மையைச் சொல்கிறேன், சுஷிக் கவுன்டர் அவருக்கான இடம் இல்லை.

12. நாக்கு சொல்வதைக் கேளுங்கள்

நல்ல மீனுக்குக் கடல் வாசம் லேசாக இருக்கும், கவிச்சு அடிக்காது. கவிச்சு வந்தால் சாப்பிடாமல் தள்ளி வைத்துவிட்டுச் சர்வரிடம் சொல்லுங்கள். சூரையின் வெட்டில் வானவில் மாதிரி மினுக்கம் தெரிந்தால் பயப்பட வேண்டாம், தசை நாரில் ஒளி பட்டுச் சிதறுவது அது.

சூரையோ காணாங்கெளுத்தி வகையோ சாப்பிடும்போது நாக்கில் மிளகு வைத்ததுபோல் சுருக்கென்றால் உடனே நிறுத்துங்கள். குளிர்ச்சி விட்டுப்போன மீனில் ஹிஸ்டமின் சேர்ந்திருப்பதன் அறிகுறி அது. உறைய வைத்தாலும் வேகவைத்தாலும் அது போகாது. முகம் சிவப்பது, தலைவலி, படபடப்பு, அரிப்பு ஆகியவை சில நிமிடத்திலிருந்து ஓரிரு மணி நேரத்துக்குள் வரும். வந்தால் டாக்டரிடம் போங்கள், என்ன மீன் சாப்பிட்டீர்கள் என்று சொல்லுங்கள். மூச்சுத் திணறினால் காத்திருக்கவே வேண்டாம்.

13. பில்லும் மிச்சமும்

தனி உணவகத்தில் சாப்பாட்டுக்கு ஜிஎஸ்டி 5 சதவீதம். அறை வாடகை ஒரு நாளைக்கு 7,500 ரூபாயைத் தாண்டும் ஹோட்டலுக்குள் இருக்கும் உணவகத்தில் 18 சதவீதம். மதுவுக்கு ஜிஎஸ்டி கிடையாது, அதற்கு மாநில வாட் வரி தனியாக வரும். பில்லில் 14 இலக்க எஃப்எஸ்எஸ்ஏஐ உரிம எண் இருக்க வேண்டும், இருக்கிறதா என்று பாருங்கள்.

சர்வீஸ் சார்ஜ் என்று பில்லில் போட்டிருந்தால் அது கட்டாயமில்லை. மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலையில் வெளியிட்ட வழிகாட்டுதல் அதைத் தானாகப் பில்லில் சேர்க்கக் கூடாது என்கிறது. 2025 மார்ச்சில் டெல்லி உயர் நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. எடுக்கச் சொன்னால் எடுத்துவிடுவார்கள். சேவை பிடித்திருந்தால் டிப்ஸாகக் கையில் கொடுங்கள். ஜப்பானில் டிப்ஸ் வழக்கம் இல்லைதான், ஆனால் உங்களுக்குப் பரிமாறிய தம்பி வாடகை கட்டுவது சென்னையில்.

மிச்சத்தைப் பார்சல் கேட்காதீர்கள். நம் ஊரில் சாப்பாட்டை வீணாக்க மனசு வராது, புரிகிறது. ஆனால் பச்சை மீன் ஏற்கெனவே அறைச் சூட்டில் கொஞ்ச நேரம் இருந்துவிட்டது, காரில் அரை மணி, அப்புறம் பிரிட்ஜ் என்று போனால் ஆபத்து. பிரிட்ஜில் வைத்த சுஷி சாதம் மாவுச்சத்து இறுகிக் கல்லாகிவிடும். மைக்ரோவேவில் வைத்தால் மீன் வெந்துவிடும். வெள்ளரிக்காய் மாகி, டெம்புரா மட்டும் கட்டித் தரச் சொல்லலாம், அதையும் அன்றிரவே சாப்பிட்டுவிட வேண்டும். சில கடைகள் பச்சை மீனைப் பார்சல் கட்டவே மறுப்பார்கள். அவர்களிடம் மல்லுக்கு நிற்காதீர்கள், அடுத்த தடவையும் அந்தக் கடைக்கே போங்கள்.